மே மாதத்தில் மழையைப் பற்றிப் பேசினால் சிரிக்கிறார்கள்

மூன்றாம்மாடி | மே 18, இரவு 9.40

வணக்கம். தலைப்பைப் பார்த்து நீங்களும் சிரிக்கலாம், பரவாயில்லை. இன்று காலையே நிறைய பேர் சிரித்துவிட்டார்கள், பழகிவிட்டது.

இன்று எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் பொதுக்குழு. முடிச்சூர் பக்கம், 24 வீடுகள், கீழே பார்க்கிங், மேலே மூன்று மாடி. 2015 டிசம்பர் 1 இரவு தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியபோது அடையாறு எங்கள் பார்க்கிங்குக்குள் வந்தது. என் நெஞ்சு உயரத்துக்கு. ஜெனரேட்டர், மீட்டர் பேனல், சம்ப் மோட்டார் மூன்றும் முழுகின. சம்ப்பில் சாக்கடை கலந்துவிட்டது. சுற்றிலும் தண்ணீர், குடிக்க ஒரு சொட்டு இல்லை. பக்கெட்டில் கயிறு கட்டி இறக்கி, படகில் வந்தவர்களிடம் பால் பாக்கெட் வாங்கினோம்.

தண்ணீர் வடிந்த அடுத்த வாரமே கூட்டம் போட்டோம். ஜெனரேட்டரையும் பேனலையும் ஆறடி மேடை கட்டி மேலே ஏற்றுவது என்று தீர்மானம். மினிட்ஸ் நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. 19 கையெழுத்து. ஒருத்தர் "உடனடியாக" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறார்.

அப்புறம் 2016-ல் வர்தா புயல் வந்து வேப்பமரம் காரின் மேல் விழுந்தது, பேச்சு மரத்தின் பக்கம் போனது. 2019-ல் போர்வெல் வற்றியது, சங்கப் பணமெல்லாம் லாரித் தண்ணீருக்குப் போனது. 2023 மிக்ஜாம் புயலில் தண்ணீர் முழங்காலோடு நின்றது. ஜெனரேட்டர் தப்பித்தது. அதுதான் வினையே. "பார்த்தீங்களா, ஒண்ணும் ஆகலையே" என்று எல்லோருக்கும் தைரியம் வந்துவிட்டது.

இன்று மேடைக்கு 2.40 லட்சம் என்று மதிப்பீட்டை வைத்தேன். 14-க்கு 6 என்று தோற்றேன். ஜெயித்தது வெளிச்சுவர் பெயின்ட். "சார், வெளியே கத்திரி வெயில் மண்டையைப் பிளக்குது, நீங்க வெள்ளத்தைப் பத்திப் பேசுறீங்க" என்றார் ஒருத்தர். அன்று கோடு போட்டவர் அவர்தான்.

நன்றாக இருக்கும்போது ஆட்களை எப்படி அசைப்பது? உங்கள் ஊரில் யாராவது சாதித்திருந்தால் சொல்லுங்கள்.

---

வேளச்சேரி_பாலம் | மே 18, இரவு 10.05

சார், எங்கள் ஊரில் இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டோம். மழை எச்சரிக்கை வந்ததும் காரை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிடுவோம். இரண்டு வரிசையாக நிற்கும், பேப்பரில் படம் வரும், ஊரே சிரிக்கும். சிரித்தவர்களில் பாதிப் பேர் அடுத்த மழைக்கு இடம் தேடி வந்தார்கள்.

அதிலும் ஒன்று பாருங்கள். காரைக் காப்பாற்ற ஓடுகிற நாங்கள், வீட்டுப் பத்திரத்தைக் கீழ் அலமாரியிலேயே வைத்துவிட்டுப் போகிறோம். காருக்கு மட்டும் ஏன் இந்த அக்கறை என்று யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினார், நானும் கிளம்பினேன். அவ்வளவுதான் காரணம்.

இதைப் படிக்கிற கார்க்காரர்களுக்கு ஒரு சமாசாரம். தண்ணீரில் நின்ற வண்டியைச் சாவி போட்டுப் பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நான் பார்த்தேன். "டக்" என்று ஒரு சத்தம், அப்புறம் ஒன்றுமில்லை. சாதாரண முழுக்காப்பீட்டில் இந்த எஞ்சின் சேதத்துக்கு வழக்கமாகப் பணம் தர மாட்டார்கள், எஞ்சினுக்கென்று தனி ஆட்-ஆன் எடுத்திருக்க வேண்டும். பெரும்பாலும் பாலிசி புதுப்பிக்கும்போதுதான் அதைச் சேர்க்க முடியும். புயலுக்குப் பேர் வைத்த பிறகு போன் செய்தால் எதிர்முனையில் இருக்கிற பெண் ரொம்ப மரியாதையாக "சாரி சார்" என்பார்.

---

கணக்குப்பிள்ளை | மே 18, இரவு 10.50

அந்தப் பதினான்கு பேருக்காகவும் ஒருத்தர் பேசட்டும்.

2.40 லட்சத்தை 24-ஆல் வகுத்தால் வீட்டுக்குப் பத்தாயிரம். உங்கள் சங்கத்தில் மெயின்டனன்ஸ் பாக்கி எத்தனை பேர்? வாடகைக்கு இருப்பவர்கள் எத்தனை பேர்? ஜூன் பிறந்தால் பள்ளிக்கூட ஃபீஸ். வராமலே போகலாம் என்கிற ஒன்றுக்காகப் பத்தாயிரம் கேட்டால் மனுஷன் யோசிக்கத்தான் செய்வான். அது மெத்தனம் இல்லை, பர்ஸ்.

இன்னொன்று. நாம் எப்போதும் போன ஆபத்துக்குத்தான் தயாராகிறோம். 2015 முடிந்ததும் எனக்குத் தெரிந்த ஓர் அடுக்ககத்தில் ரப்பர் படகு வாங்கினார்கள். அடுத்து வந்தது வர்தா, அதில் படகுக்கு என்ன வேலை? 2019-ல் ஊரே குடத்தோடு நின்றது. ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்தது, அதை வேடிக்கை பார்க்க ஒரு கூட்டம். படகு மொட்டைமாடியில் வெயிலில் வெடித்துக் கிடந்தது.

எல்லா ஆபத்துக்கும் தயாராக இரு என்றால் வாழ்வது எப்போது?

---

மதகு | மே 19, காலை 6.15

கணக்குப்பிள்ளை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு நான் பதில் சொல்கிறேன். ஏரி, மதகு என்றே முப்பது வருஷம் ஓட்டியவன். ஓய்வுபெற்று ஒன்பது வருஷம் ஆகிறது.

2015 வேறு ஆபத்து, 2019 வேறு ஆபத்து என்று நினைக்கிறீர்கள். இரண்டும் ஒரே ஏரியின் கதை. செம்பரம்பாக்கத்தின் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. சென்னைக்கு ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் வந்துவிடும். நவம்பரில் ஏரி நிறைந்தால் குடிநீர் ஆள் மகிழ்ந்துபோவான். வெள்ளத் தடுப்பு ஆளுக்கு அன்றுதான் வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் இனி வருகிற மழைக்கு ஏரியின் வயிற்றில் இடமில்லை. காலி செய்து வைத்து மழை வராமல் போனால் கோடையில் ஊர் திட்டும். நிறைத்து வைத்து மழை வந்தால் டிசம்பரில் திட்டும். 2015-ல் அந்த இரவு விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்தார்கள். அதைப் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை, இங்கே அதைக் கிளற வேண்டாம்.

நான் சொல்ல வந்தது அதைவிடச் சின்ன விஷயம். திறக்கலாமா வேண்டாமா என்று பெரியவர்கள் யோசிக்கிறார்கள். திறக்கலாம் என்று முடிவானதும் மதகு திறந்தாக வேண்டும். அது நவம்பர் மாத வேலை இல்லை, மே மாத வேலை.

நான் சின்ன ஏரிகளில் இருந்தேன். ஷட்டரின் திருகுத்தண்டை வெயில் காலத்தில்தான் சுத்தம் செய்வோம். பழைய கிரீஸ் மண்ணோடு கலந்து கறுப்பு மெழுகு மாதிரி இறுகியிருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, புது கிரீஸ் தடவி, சக்கரத்தைப் பிடித்து ஷட்டரை முழுக்க ஏற்றி முழுக்க இறக்க வேண்டும். என்னோடு இருந்த லஸ்கர் ஒருத்தர், மதகைத் திறந்து மூடுகிற ஊழியர், படிக்காதவர், கண்ணை மூடிக்கொண்டு சுற்றுவார். "எந்தப் பல்லுல இடிக்குதுன்னு கைக்குத் தெரியணும் சார், ராத்திரி மழையில கண்ணுக்கு என்ன தெரியப்போவுது" என்பார். ஏரி வறண்டு, உள்ளே பசங்க கிரிக்கெட் ஆடிக்கொண்டிருப்பார்கள். எங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள். சவுக்குக் கம்பும் காலிச் சாக்கும் அந்த மாதத்திலேயே எண்ணி அடுக்குவோம், நவம்பரில் விலையும் ஏறும், சரக்கும் கிடைக்காது.

குடிமராமத்து என்று ஊர்களில் ஒரு பழக்கம் இருந்தது. தண்ணீர் வற்றிய காலத்தில் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து தூர் வார வேண்டும், கரையைப் பலப்படுத்த வேண்டும். வந்தவர்கள் யாரும் பயத்தில் வந்தவர்கள் இல்லை. அது அந்த மாதத்து வேலை, அவ்வளவுதான். வராதவனுக்கு மரியாதை போகும்.

தம்பி மூன்றாம்மாடி, நீங்கள் பயத்தைக் காட்டி ஓட்டுக் கேட்டீர்கள். பயத்துக்கு ஆயுசு இரண்டு வருஷம். மாத வேலையாக மாற்றப் பாருங்கள்.

---

தென்னந்தோப்பு | மே 19, காலை 11.30

பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கணக்குப்பிள்ளை அண்ணே, "வராமலே போகலாம்" என்று எழுதியிருந்தீர்கள். 2018 நவம்பர் 15, கஜா புயல் வந்த ராத்திரி, படுக்கப் போகும்போது நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் ஊரில் தென்னை ராஜ வாழ்க்கை. 45 நாளைக்கு ஒரு வெட்டு, வியாபாரி தோப்புக்கே வந்து பணம் தருவார். பிள்ளை படிப்பு, மகள் கல்யாணம் எல்லாம் மரம் பார்த்துக்கொள்ளும். தாத்தா மட்டும் "அம்பத்திரண்டு புயல்" என்று ஆரம்பிப்பார். 1952 நவம்பரில் வந்தது. அவர் வாயைத் திறந்தாலே நாங்கள் எழுந்து போய்விடுவோம். கல்யாண வீட்டில் அவரை மாதிரி கைத்தடியை ஊன்றிச் சாய்ந்து பேசிக் காட்டுவேன் நான். எல்லோரும் சிரிப்பார்கள்.

16-ஆம் தேதி விடியும்போது முன்னூறு மரத்தில் 41 நின்றது. மற்றதெல்லாம் ஒரே திசையில், தலைவாரின மாதிரி படுத்திருந்தது. தாத்தா அப்போது உயிரோடு இல்லை. நல்லதாய்ப் போயிற்று.

தென்னைக்கு அரசாங்க மானியத்தோடு காப்பீடு இருக்கிறது. மரத்துக்கு விவசாயி கட்டுவது ஒரு டீக் காசு கூட ஆகாது. தெரியும். பக்கத்து ஊரில் முகாம் போட்டபோது வாசல் வரைக்கும் போனேன். கூட்டமாக இருந்தது, வெட்டுக்கு ஆள் வந்திருந்தார்கள், திரும்பிவிட்டேன்.

கரண்டு எங்கள் ஊருக்கு வர ஒரு மாதம் ஆனது. மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏற்ற வாடகை ஜெனரேட்டர் பிடித்து வந்தோம், ஒவ்வொரு ஊருக்கும் மணிக்கணக்கு. மரம் அறுக்கிற மெஷினுக்கு நாள் வாடகை என்ன சொன்னாலும் கொடுக்க வேண்டியிருந்தது. இப்போது எங்கள் தெருவில் எட்டு வீடு சேர்ந்து ஒரு மெஷின் வைத்திருக்கிறோம். தோப்பில் ஊடே எலுமிச்சையும் கோகோவும் போட்டிருக்கிறேன். காப்பீடு எடுத்தேன், ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், போன வருஷம் புதுப்பிக்க மறந்துவிட்டேன். புதுக் கன்றுகள் பாளை விட ஆரம்பித்திருக்கின்றன. கையில் காசு புழங்குகிறது. இந்த இழையைப் படித்த பிறகுதான் பெட்டியைத் திறந்து பாலிசித் தாளைப் பார்த்தேன்.

---

கணக்குப்பிள்ளை | மே 19, மதியம் 1.10

தோப்புக்காரருக்கு: மன்னிக்கவும். என் கணக்கில் முன்னூறு மரம் இல்லை. முதலில் போய்ப் புதுப்பித்துவிட்டு வாருங்கள்.

ஆனால் மூன்றாம்மாடியின் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. தோப்புக்காரருக்கு ஊரே விழுந்தது, அப்படியும் ஆறு வருஷத்தில் மறந்திருக்கிறார். இதைச் சொல்வதில் எனக்குச் சந்தோஷமில்லை.

---

அடுப்பங்கரை | மே 19, மாலை 4.45

ஆண்கள் எல்லோரும் லட்சம், கன அடி என்று பேசுகிறீர்கள். என் அம்மாவுக்கு இந்தக் கேள்வியே புரியாது.

சித்திரை வைகாசியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் கால் வைக்க இடம் இருக்காது. வடகம், வத்தல், மோர்மிளகாய், உப்புப் போட்ட நார்த்தங்காய். புளியை வாங்கி, கொட்டை எடுத்து, உப்பு தூவிப் பானையில் அமுக்கி வைப்பாள். ஐப்பசி கார்த்திகையில் காய் கிடைக்காது, விறகு நனைந்திருக்கும், வீட்டில் நாலு நாள் எல்லோரும் அடைந்து கிடப்பார்கள். அந்த நாலு நாளுக்கான சமையலை அவள் ஆறு மாதம் முன்னால் வெயிலில் செய்துவிடுவாள். யாராவது அவளிடம் "பேரிடர் தயார்நிலை" என்று சொல்லியிருந்தால் விசிறிக் கட்டையாலேயே போட்டிருப்பாள்.

நானோ பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வருகிற ஆப்பை நம்பி, ஒரு கிலோ அரிசிக்கு மேல் வைப்பதில்லை. 2023 டிசம்பரில் அசோக் நகரில் இரண்டு நாள் கரண்டு இல்லை, போனில் சார்ஜ் இல்லை, ஆப்பும் இல்லை. அப்பாவுக்கு இன்சுலின் உண்டு, ஃப்ரிட்ஜ் ஓடவில்லை. நல்லவேளையாக வீட்டில் கொலு படிக்குப் பின்னால் இரண்டு மண்சட்டி கிடந்தது. பெரியதற்குள் சின்னதை வைத்து, நடுவில் மணலைக் கொட்டித் தண்ணீர் தெளித்து, உள்ளே மருந்தை வைத்து ஈரத்துணியால் மூடினேன். ஐஸ் மாதிரி இருக்காது, ஆனால் வெளியே இருக்கிற சூட்டுக்குக் கொஞ்சம் தணியும். அந்தச் சட்டிகள் இப்போது அடுப்பங்கரையிலேயே நிரந்தரமாக இருக்கின்றன. பத்திரங்களின் நகலை டிஜிலாக்கரில் ஏற்றியாயிற்று, மூலங்கள் ஜிப் கவரில் பரணில்.

மூன்றாம்மாடி சார், மதகு ஐயா சொன்ன "மாத வேலை" உங்கள் வீட்டிலேயே இருக்கிறதே. ஆயுத பூஜை! ஜெனரேட்டரைத் துடைத்துப் பொட்டு வைக்கத்தான் போகிறீர்கள். அன்று அதை ஒரு அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். சம்ப் மோட்டார், மழைநீர்க் குழி மூடி, டார்ச் லைட், எல்லாவற்றுக்கும் அன்றுதான் நாள். தீர்மானமும் வேண்டாம், ஓட்டும் வேண்டாம். சுண்டல் என்றால் ஆள் தானாக வரும்.

---

வேளச்சேரி_பாலம் | மே 19, மாலை 5.00

சுண்டலுக்கு என் ஓட்டு.

---

கணக்குப்பிள்ளை | மே 19, மாலை 5.20

யோசனை அருமை, தேதி சரியில்லை அம்மா. 2023-ல் ஆயுத பூஜை அக்டோபர் 23. வடகிழக்குப் பருவமழை தொடங்குகிற நாள் என்று சொல்வதே அக்டோபர் 20-ஐ ஒட்டித்தான். அன்று ஜெனரேட்டர் ஓடவில்லை என்று தெரிந்தால் மெக்கானிக்கைப் பிடிப்பதற்குள் மழை வந்துவிடும்.

ஆடிப்பெருக்கு வையுங்கள். ஆகஸ்ட் முதல் வாரம், ஆண்டுதோறும் ஒரே நாள், தண்ணீருக்கான நாளும் கூட. அன்று சோதித்துப் பழுதைக் கண்டுபிடித்தால் சரிசெய்ய இரண்டரை மாதம் கையில் இருக்கும். ஆயுத பூஜையில் இரண்டாவது சோதனை.

(நான் இன்னும் 2.40 லட்சத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை.)

---

வள்ளவிளை_காற்று | மே 19, இரவு 8.30

குமரியில இருந்து ரெண்டு வரி. எங்க ஊர் ஆட்கள் ஆழ்கடலுக்குப் போனா திரும்ப வாரக்கணக்காவும். 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் வந்தப்போ போட்டுகள் எல்லாம் நடுக்கடல்ல. கரையில எச்சரிக்கை வந்தது, கடலுக்குள்ள இருந்தவன் காதுக்கு எட்டல. வயர்லெஸ் அவ்வளவு தூரம் போகாது.

அதனால மேடை கட்டுற பேச்சோட இதையும் சேத்துப் பேசுங்க: ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி ஏறினா மூணாம் மாடியில தனியா இருக்குற பாட்டியை எழுப்புறது யாரு? பேர் எழுதி வச்சிருக்கீங்களா? போன்ல சார்ஜ் இருக்கும்னு நினைச்சுப் பேசாதீங்க. எங்க ஊர்ல கோயில் மணிதான்.

---

மதகு | மே 20, காலை 6.00

மேலே உள்ளதை எல்லோரும் இரண்டு தடவை படியுங்கள்.

---

மூன்றாம்மாடி | மே 25, இரவு 9.15

ஒரு வாரமாக வரவில்லை, பெயின்ட் வேலை ஆரம்பித்துவிட்டார்கள். நானும் கூடவே நின்றேன்.

பார்க்கிங் சுவரைச் சுரண்டும்போது பழைய சுண்ணாம்புக்கு அடியில் 2015-ன் சேற்றுக் கறை தெரிந்தது. பழுப்பாக, நேர்கோடாக, சுவரின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை. நானே அதை மறந்திருந்தேன். பெயின்டரிடம் சொல்லி அந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு நீலக் கோடு போட்டு, பக்கத்தில் "1-12-2015" என்று எழுத வைத்தேன். பெயின்ட் சங்கத் தீர்மானம்தானே, எந்தக் கலர் என்று யாரும் கேட்கவில்லை. மிக்ஜாமுக்கும் கீழே ஒரு கோடு.

முதலில் இரண்டு பேர் சத்தம் போட்டார்கள், ஃபிளாட் விலை இறங்கிவிடுமாம். வாடகைக்கு வருகிறவன் பயந்துவிடுவானாம். மறுநாள் மாலை முதல் மாடியில் இருக்கும் ஏழாவது படிக்கிற பையன் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்று கையை மேலே தூக்கி அளந்துகொண்டிருந்தான். கோடு அவன் நெற்றிக்கு வந்தது. அவன் அப்பா வண்டியை நிறுத்திவிட்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர்தான் "உடனடியாக" என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டவர். ஒன்றும் சொல்லவில்லை. இரவு வாட்ஸாப்பில் "மேடையை ரெண்டு தவணையா கட்டலாமா?" என்று மட்டும் கேட்டிருந்தார்.

தனியாக இருக்கும் மூன்று வீட்டுப் பெரியவர்களுக்கு யார் பொறுப்பு என்று பேர் எழுதி லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியாயிற்று. மணிக்குப் பதிலாக வாட்ச்மேன் அறையில் பித்தளைத் தாம்பாளமும் கரண்டியும்.

ஆடிப்பெருக்கு வரை எதற்குக் காத்திருப்பது என்று இன்று மாலையே ஜெனரேட்டரைப் போட்டுப் பார்த்தோம். எட்டுப் பேர் சுற்றி நின்றார்கள். செல்ஃப் எடுக்கவில்லை. பேட்டரி செத்து எத்தனை மாதம் ஆயிற்றோ தெரியவில்லை. டீசல் டேங்கைத் திறந்தால் அடியில் தண்ணீரும் கசடும். இத்தனை மாதமும் அதை நம்பித்தான் தூங்கிக்கொண்டிருந்தோம்.

---

கணக்குப்பிள்ளை | மே 25, இரவு 9.40

பேட்டரி எத்தனை ஆம்பியர் என்று எழுதுங்கள். பழைய பேட்டரியை எடைக்குப் போடாதீர்கள், புதியது வாங்கும்போது மாற்றுக்குக் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். டேங்கைக் கழுவாமல் புது டீசல் ஊற்ற வேண்டாம்.

அந்த மேடை மதிப்பீட்டையும் இங்கே போடுங்கள். 2.40 எனக்கு ஜாஸ்தியாகத் தெரிகிறது. இரும்பு ஆங்கிளில் செய்தால் குறையும் என்று நினைக்கிறேன், மதகு ஐயா பார்த்துச் சொல்லட்டும்.